முன் சக்கரத்தை மாட்டியாச்சு, அப்புறம் ஏன் இந்தத் தகராறு? பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிறவருக்கு முன் பிரேக்கின் அருமை தெரியும். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரைக்கும் முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாது. அதனால் முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டி புதிதாக ஒரு சத்தம் போட்டாலோ, கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றினாலோ, "ஓட ஓட சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். சரியாகாது. எங்கே கோளாறு என்று பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மைசூரில் செய்த ஜாவாவும் எஸ்டியும், திருவொற்றியூர் புல்லட், 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100, அதற்கு முந்தின வருடமே நம்ம ஓசூரிலிருந்து வெளியே வந்த இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. எல்லாவற்றிலும் முன்னால் டிரம் பிரேக், கம்பி ஸ்போக்ஸ், டியூப் டயர். வண்டிக்கு வண்டி ஆக்சில் மாட்டும் விதம் கொஞ்சம் மாறும். கோளாறு மாறாது.

பஞ்சருக்கோ பிரேக் ஷூ மாற்றவோ கழற்றிய சக்கரம் திரும்ப மாட்டியதும் தகராறு செய்தால், பெரும்பாலும் உதிரிபாகத்தின் மேல் குற்றம் இருக்காது. எந்த நட்டை எதற்கு முன்னால் முறுக்கினோம் என்பதில்தான் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் பையன் சக்கரத்தை நுழைத்தவுடன் எல்லா நட்டையும் பைப் போட்டு முறுக்கிவிட்டு, "எதுக்கும் இன்னொரு கால் சுத்து வெச்சிட்டேன்ணா" என்பான். அந்தக் கால் சுற்றுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

முதலில் சரியான வரிசை

வண்டி சென்டர் ஸ்டாண்டில், சமமான தரையில் நிற்கட்டும். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள், செங்கல் வேண்டாம். புல்லட் 160 கிலோவுக்கு மேல் இருக்கிறது, செங்கல் உடைந்தால் வண்டி முன்னால் சாயும்.

ஆக்சிலைத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி நுழையுங்கள். நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். பிரேக் பிளேட்டில் (டிரம்மை மூடி, ஷூவைத் தாங்கும் தட்டு) உள்ள பள்ளம், ஃபோர்க் காலில் உள்ள முளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கேபிளை மாட்டுங்கள். சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு பிரேக் லிவரை இறுக்கிப் பிடியுங்கள். பிடித்தபடியே ஆக்சில் நட்டை முறுக்குங்கள். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது, இல்லையென்றால் லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு ரப்பர் டியூப் துண்டால் கட்டிவிடலாம். அப்புறம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை நாலைந்து தடவை நன்றாக அமுக்கி விடுங்கள். ஃபோர்க் கால்கள் தாமாகவே தங்கள் இடத்தைத் தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ஃபோர்க் காலில் ஆக்சிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்.

பழைய புல்லட்டில் பிஞ்ச் போல்ட் கிடையாது. ஃபோர்க் காலின் அடியில் மூடி போல ஒன்று ஆக்சிலைக் கவ்வும், ஒரு காலுக்கு இரண்டு நட். அந்த இரண்டையும் மாற்றி மாற்றி, முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு இடைவெளி தெரிகிற மாதிரி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் வாய் பிளந்திருந்தால் ஸ்டட் வளையும்.

சீமையிலிருந்து வந்த பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.ஏ. வண்டிகள் சிலவற்றில் முன் ஆக்சிலுக்கு இடது மரை. வழக்கமான திசையில் திருப்பிக்கொண்டே, "இறங்க மாட்டேங்குதே" என்று பைப் போட்டால் மரை போய்விடும்.

லிவரைப் பிடித்ததும் "டக்" என்று ஏதோ நகர்கிறது

மற்றதெல்லாம் சங்கடம், இது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் முதலில் சொல்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது ஷூ டிரம்மைக் கவ்வும். டிரம் சுற்றுகிற வேகத்தில் ஷூவையும், ஷூ உட்கார்ந்திருக்கும் பிளேட்டையும் தன்னோடு இழுக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஃபோர்க் காலில் உள்ள அந்த ஒரு முளை மட்டும்தான். சில வண்டிகளில் முளைக்குப் பதில் ஒரு கம்பித் தகடு பிளேட்டையும் ஃபோர்க்கையும் போல்ட்டால் இணைத்திருக்கும். முளை பள்ளத்தில் உட்காராமலோ, தகட்டின் போல்ட்டைப் போடாமலோ வண்டியை எடுத்தால், மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. முதல் தடவை வேகத்தில் பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், கேபிளைச் சுருட்டி இழுக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் கைப்பிடிக்கு மேல் போய் விழுவார்.

சோதனை சுலபம். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிளேட் நகரவே கூடாது. முளைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தேய்மானத்தால் சின்ன இடைவெளி இருந்தால் லேசாக "டக்" கேட்கும். பழைய வண்டியில் முடியளவு இருப்பது சகஜம். கண்ணுக்கே நகர்வது தெரிந்தால் பள்ளத்தின் ஓரத்தில் வெல்டிங் வைத்து அராவ வேண்டும். தகடு வகை என்றால் அந்த போல்ட்டுக்கு ஸ்பிளிட் பின் போடாமல் விடாதீர்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவதும் வேண்டாம், அது கையில் உடையும்.

நட்டை முறுக்கினதும் சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது

அதிகம் கேட்கிற புகார் இதுதான். இரண்டு இடத்தில் காரணம் இருக்கலாம்: பிரேக்கில், அல்லது பேரிங்கில். எது என்று கண்டுபிடிக்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

கேபிள் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்துங்கள், அல்லது கேபிளையே கழற்றிவிடுங்கள். சக்கரம் சுற்றினால் கோளாறு பிரேக் பக்கம். சுற்றவில்லையென்றால் ஆக்சில் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். உடனே விடுதலையாகிச் சுற்றினால் கோளாறு பேரிங், ஸ்பேசர் பக்கம்.

பிரேக் பக்கம் என்றால் பார்க்க வேண்டியவை சில. புது ஷூ போட்டிருந்தால் லைனிங் தடிமனாக இருக்கும், ஓரத்தில் மட்டும் உரசும். கழற்றிப் பார்த்தால் உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஸ்பிரிங் கொக்கி சரியாக மாட்டாமல் ஷூ திரும்பி வராமல் இருக்கலாம். ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். மழைக்காலம் முழுக்க மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டியில் இது நிச்சயம் இருக்கும். கேமைக் கழற்றித் துடைத்து, துளியளவு கிரீஸ். துளியளவு என்றால் துளியளவுதான், சூடானால் உருகி லைனிங்கில் இறங்கிவிடும்.

டிரம்மைத் துடைக்கும்போது வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பேரிங் பக்கம் என்றால் விஷயம் கொஞ்சம் ஆழம். ஹப்புக்குள் இரண்டு பக்கமும் பேரிங், நடுவே ஒரு குழாய், அதுதான் ஸ்பேசர். அந்தக் குழாய் இரண்டு பேரிங்கின் உள்வளையத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அழுத்தம் பேரிங்குக்கு வெளியே ஆக்சிலில் மாட்டும் காலரிலிருந்து உள்வளையத்துக்கு, அங்கிருந்து குழாய்க்கு, அங்கிருந்து அடுத்த உள்வளையத்துக்கு என்று நேராகப் போய்விடும். குண்டுகளின் மேல் பக்கவாட்டு அழுத்தம் வராது. குழாயே இல்லாமலோ, தேய்ந்து குட்டையாகியோ இருந்தால் நட்டு முறுக்க முறுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், குண்டுகள் நெரிபடும், சக்கரம் நிற்கும். இதற்கு நட்டைத் தளர்த்தி ஓட்டுவது மருந்து ஆகாது. தளர்ந்த ஆக்சிலோடு ஓடுகிற வண்டியில் ஃபோர்க் காலின் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

பேரிங் மாற்றியவர் பேரிங்கை முழுவதும் உள்ளே தட்டி உட்கார வைக்காமல் விட்டிருந்தாலும், ஒரேயடியாகத் தட்டிக் குழாயை இறுக்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். முறை இது: ஒரு பக்கப் பேரிங்கைத் திட்டில் மோதும்வரை உட்கார வையுங்கள், குழாயைப் போடுங்கள், மறு பக்கப் பேரிங்கை அதன் உள்வளையம் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். தட்டும்போது வெளிவளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். அதே அளவுள்ள பழைய பேரிங்கின் வெளிவளையம் கையில் இருந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது. உள்வளையத்தில் சுத்தியல் விழுந்தால் குண்டு பள்ளத்தில் தழும்பு விழும், அப்புறம் அந்தப் பேரிங் கரகரத்துக்கொண்டே இருக்கும்.

கடையில் பேரிங் கேட்கும்போது வண்டி பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், பழைய பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைச் சொல்லுங்கள். எத்தனையோ கைமாறிய வண்டியில் யார் எந்த ஹப்பைப் போட்டாரோ. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உள் ஓட்டை அளவு: 01 என்றால் 12 மி.மீ., 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. நம் ஊர்ச் செம்மண் புழுதிக்கு அதுதான் சரி.

குழாயும் காலரும் காணாமல் போயிருந்தால் தேடி அலைய வேண்டாம். ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறைக்குக் குறைவே இல்லை. ஹப்புக்குள் இரண்டு பேரிங் திட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள். குழாயின் நீளம் அந்தத் தூரத்துக்குச் சமமாகவோ, ஒரு முடி அதிகமாகவோ இருக்கலாம். குறைவாக மட்டும் இருக்கக்கூடாது.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை

லிவரைப் பிடித்தால் பஞ்சைப் பிடித்த மாதிரி அமுங்குகிறது, வண்டி யோசித்து நிற்கிறது. கழற்றுவதற்கு முன் நன்றாக இருந்த பிரேக் மாட்டியபின் இப்படி ஆனால், ஷூ டிரம்மின் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். ஆக்சிலுக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் விளையாட்டு இருக்கும். பிளேட் ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் நட்டை முறுக்கிவிட்டால் ஒரு ஷூ மட்டும் தொடும். மேலே சொன்னபடி ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி, லிவரைப் பிடித்தபடி மறுபடி முறுக்குங்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்படியும் சரியாகவில்லையென்றால், பிரேக் பிடித்த நிலையில் பிளேட்டின் மேல் கேமைத் திருப்பும் கை, கேபிளுக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கேபிளும் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்போதுதான் முழு இழுவை கேமுக்குப் போகும். கை அதைத் தாண்டிப் போய் நின்றால் எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் வேலை செய்யும். கழற்றியபோது கையை அதன் பல் வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். குறி வைத்துவிட்டுக் கழற்றுவது நல்ல பழக்கம். லைனிங் முடிகிற நிலைக்கு வந்தாலும் கை இப்படித்தான் தாண்டும். அப்போது கையை ஒரு பல் பின்னால் மாட்டி ஏமாற்ற நினைக்காதீர்கள். தேய்ந்த ஷூவில் கேமைப் படுக்கையாகத் திருப்பினால், அது திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

பிற்காலப் புல்லட்டில் 7 அங்குல டிரம், இரண்டு கேம், இரண்டு கை, நடுவே ஒரு இணைப்புக் கம்பி. அங்கே கதை வேறு. சாதாரண பிரேக்கில் ஒரு ஷூ சக்கரம் சுற்றுகிற திசையில் தானாகவே டிரம்முக்குள் இழுபடும், இன்னொன்று தள்ளப்படும். இரண்டு கேம் உள்ளதில் இரண்டுமே இழுபடும், அதனால்தான் பிடிப்பு அதிகம். ஆனால் இணைப்புக் கம்பியின் நீளம் தப்பாக இருந்தால் ஒரு ஷூ தொட்டு நிற்கும், இன்னொன்று சும்மா இருக்கும். கம்பியை ஒரு முனையில் கழற்றுங்கள். முதல் கையைத் திருப்பி அதன் ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது கையையும் அதன் ஷூ தொடும் வரை திருப்புங்கள். இரண்டும் தொட்ட நிலையில் பின் தானாக நுழைகிற நீளத்துக்குக் கம்பியைச் சரிசெய்து மாட்டுங்கள். அவ்வளவுதான்.

இந்த இரட்டை கேம் பிரேக் ஏற்றத்தில் நிறுத்தும்போது வழுக்குகிறது என்று பயந்துபோய் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வருபவர்கள் உண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற மலைப் பாதையில் ஏற்றத்தில் நின்று பார்த்தால் தெரியும். வண்டி பின்னால் உருளும்போது இரண்டு ஷூவும் தள்ளப்படும் ஷூவாகிவிடும், பிடிப்பு குறையும். அது கோளாறு இல்லை, அந்த அமைப்பின் குணம். பின் பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

கடைசியாக, லைனிங்கில் கிரீஸ் பட்டிருந்தால். பெட்ரோலில் கழுவினால் மேலே சுத்தமாகத் தெரியும், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். ஷூவை மாற்றுவதுதான் வழி. எஸ்டி, ஜாவா ஷூ இங்கே கிடைக்கவில்லையென்றால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் விசாரிக்கலாம். அல்லது பழைய ஷூவிலேயே புது லைனிங் ஒட்டி வாங்கலாம். ஒட்டிய லைனிங்கை டிரம் வளைவுக்குக் கடைந்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு, படிந்து வரப் பல நாள் ஆகும்.

கைப்பிடியைத் திருப்பினால் பிரேக் தானாகப் பிடிக்கிறது

கேபிள் போகும் வழி தப்பு. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, கைப்பிடியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பியபடி சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசினால் கேபிள் அந்தப் பக்கம் இழுபடுகிறது. ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால், பழைய வழியில் விட வேண்டும். லிவர் நுனியில் ஒன்றரை, இரண்டு செ.மீ. சும்மா நகர்ந்த பிறகு பிரேக் பிடிக்க ஆரம்பித்தால் போதும்.

முன் ஷாக் இறங்கவில்லை, கல் மாதிரி இருக்கிறது

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் மெத்தென்று இருந்த முன்பக்கம், மாட்டியபின் பள்ளத்துக்குப் பள்ளம் கையை உடைக்கிறது. ஃபோர்க் எண்ணெயை மாற்றுங்கள், ஸ்பிரிங் மாற்றுங்கள் என்று செலவு வைப்பார்கள். கேட்காதீர்கள். ஃபோர்க் கால்கள் தங்கள் இடத்துக்கு வருவதற்கு முன்பே பிஞ்ச் போல்ட்டை முறுக்கியதுதான் காரணம். இரண்டு கால்களும் அடியில் ஒன்றையொன்று உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ இழுத்துக்கொண்டிருக்கும், உள்ளே குழாய் சாய்ந்து உரசும். இப்படியே ஓட்டினால் புஷ் ஒரு பக்கம் தேயும், ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும், அப்போதுதான் செலவு நிஜமாகவே வரும்.

பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஆக்சில் நட் முறுக்கியபடியே இருக்கட்டும். வண்டியைத் தரையில் இறக்கி அமுக்கி விடுங்கள். கால் தன் இடத்துக்கு நகர்வது சில நேரம் காதிலேயே கேட்கும். அப்புறம் போல்ட்டை முறுக்குங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் காலரைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு பக்கக் காலரும் ஒரே நீளம் இல்லை. கழற்றும்போதே பக்கத்துக்கு ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.

ஆக்சில் வளைந்திருந்தாலும் இதே தொல்லை வரும். கிருஷ்ணகிரிக்காரருக்குச் சோதனைப் பலகைக்குப் பஞ்சமில்லை. மெருகேற்றிய கிரானைட் மேடையில் ஆக்சிலை உருட்டி விடுங்கள். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து போனால் வளைந்திருக்கிறது. சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள்.

சக்கரம் ஆடுகிறது

எது ஆடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஹப்புக்கும் ஃபோர்க் காலுக்கும் நடுவே அசைவு தெரிந்தால் பேரிங் அல்லது ஆக்சில் நட். ஃபோர்க் காலின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கழுத்தில் "டொக்" என்று கேட்டால் கோன்செட் (கைப்பிடி திரும்புகிற கழுத்துப் பேரிங்) தளர்ந்திருக்கிறது. கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஃபோர்க் குழாய் காலுக்குள் நுழைகிற இடத்தில் அசைந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, கோன்செட் தளர்வுக்கு வீல் பேரிங்கை மாற்றிவிட்டு வருகிறவர்களே அதிகம்.

கோன்செட்டை முறுக்கும்போது, ஆட்டம் நின்றதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது கைப்பிடியை விரலால் தட்டினால் அது தன் கனத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து போக வேண்டும். நடுவில் மாட்டி நின்றால் அதிகமாக முறுக்கியிருக்கிறீர்கள், அல்லது குண்டுகள் நடுவில் பள்ளம் விழுத்தியிருக்கின்றன.

ஒரு பக்கமாக இழுக்கிறது

முன் சக்கரத்தை மட்டுமே குறை சொல்லாதீர்கள். ஒரு நீளமான நூலை எடுத்து, தரையிலிருந்து டயரின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பின் டயரின் பின் ஓரத்தில் கட்டி முன்னால் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்தால் முன் டயர் இரண்டு நூலுக்கும் சரி நடுவில் நிற்க வேண்டும். பின் செயின் அட்ஜஸ்டர் சமமாக இல்லாமல் பின் சக்கரம் கோணியிருந்தால் அதுவும் இழுக்கும்.

பின்னால் சரி, முன்னால்தான் தள்ளி நிற்கிறது என்றால் காலர் மாறியிருக்கிறது, அல்லது யாரோ ஸ்போக்ஸ் கட்டும்போது ரிம்மை ஹப்பின் நடுவில் வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் டிரம் உள்ள ஹப்பில் ரிம் ஹப்பின் நடுவில் வர வேண்டும் என்பதில்லை, இரண்டு ஃபோர்க் காலுக்கும் நடுவில் வர வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதைப் பழைய ஸ்போக்ஸை வெட்டுவதற்கு முன்பே அளந்து எழுதி வைக்க வேண்டும். வெட்டிய பிறகு கேட்டால் யாரும் சொல்ல முடியாது.

விழுந்து எழுந்த வண்டி என்றால் ஃபோர்க் முறுகியிருக்கலாம். ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை இரண்டு ஃபோர்க் குழாயின் மேலும் வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் படிந்தால் நல்லது, ஒரு மூலை தூக்கி ஆடினால் முறுக்கு. கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்பினாலே பல நேரம் சரியாகிவிடும்.

மீட்டர் முள் செத்துப்போச்சு

முன் சக்கரத்திலிருந்து மீட்டர் ஓடுகிற வண்டிகளில், மீட்டர் கேபிளைச் சுற்றும் பினியனின் இரண்டு காதும் ஹப்பில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராமல் நட்டை முறுக்கினால் காது நசுங்கும், சக்கரமும் இறுகும். நட்டை முறுக்குவதற்கு முன் பினியன் பெட்டியைக் கையால் லேசாகத் திருப்பிப் பார்த்தால் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கேபிள் மடங்காமல் நேராக மேலே போகிற கோணத்தில் பெட்டியை நிறுத்திவிட்டு முறுக்குங்கள்.

சத்தங்கள்

சுற்றுக்கு ஒரு தடவை "டிக்" என்றால் தளர்ந்த ஸ்போக்ஸ், அல்லது மட்கார்டைத் தொடும் ஏதோ ஒன்று. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. சுற்று முழுக்க "கரகர" என்றால் பேரிங், அல்லது பிளேட்டின் ஓரம் டிரம்மை உரசுகிறது. பிளேட் உரசினால் ஓரத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும், உள்பக்க வாஷர் விட்டுப்போயிருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் லைனிங்கின் இரண்டு முனைகளையும் அரத்தால் சாய்வாக அராவிப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது லிவர் விரலில் துடிக்கிறது என்றால் டிரம் வட்டமாக இல்லை. ஸ்போக்ஸை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கி ரிம்மின் கோட்டத்தை (நெளிவை) எடுத்தாலும் டிரம் முட்டை வடிவத்துக்கு இழுபடும். அதனால் லேத்துக்குக் கொண்டு போகும் முன் ஸ்போக்ஸைப் பாருங்கள். டிரம் கடைவதாக இருந்தாலும் சக்கரம் கட்டிய பிறகு கடைய வேண்டும், தனி ஹப்பாகக் கடைவதில் பயனில்லை.

வேகமெடுத்தால் கைப்பிடி நடுங்குகிறது

முதலில் டயரைப் பாருங்கள். டயரின் ஓரத்தில் ரிம்முக்கு மேலே ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் ரிம்முக்குள் மூழ்கியிருந்தால் டயர் உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் திசையையும் பாருங்கள். தப்பாக இருந்தால் சக்கரத்தைத் திருப்பி மாட்ட முடியாது, டிரம் தன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். டயரைத்தான் கழற்றித் திருப்பியாக வேண்டும்.

அடுத்து ரிம் கோட்டம். ஃபோர்க் காலில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி அதன் முனை ரிம்மைத் தொடாமல் தொடுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். முனைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் மாறினால் கோட்டம் எடுக்க வேண்டும். டயரும் ரிம்மும் சரியாக இருந்து நடுக்கம் நிற்கவில்லையென்றால், கோன்செட்டைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்குக் கணவாயும் வேண்டாம், ஒகேனக்கல் இறக்கமும் வேண்டாம். நெரிசல் இல்லாத சமமான சாலை ஒன்று போதும். நடக்கிற வேகத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், அப்புறம் 20, அப்புறம் 40. புது லைனிங் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், அந்தக் கணக்கில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

கொஞ்ச தூரம் பிரேக்கே பிடிக்காமல் ஓட்டி, வண்டியை உருட்டி நிறுத்தி, புறங்கையை ஹப்புக்கு அருகில் கொண்டு போங்கள். தொடாமலே அனல் அடித்தால் ஏதோ உரசுகிறது. கேபிளைத் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். சூடு நின்றால் ஷூ, நிற்காவிட்டால் பேரிங். குளிர்ந்தே இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் காலையில் ஆக்சில் நட், பிஞ்ச் போல்ட், பிளேட் தகட்டின் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்து ஒரு தடவை சரிபாருங்கள். நகராமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், இன்னொரு கால் சுற்று வேண்டாம்.